இடையில் ஆளில்லாத வழி: ஹெச்எஃப் ரேடியோ கண்டம் தாண்டுவது எப்படி?

ஹெச்எஃப் ரேடியோவோடு புதிதாகப் பழகுகிறவரை முதலில் குழப்புவது தூரம்தான். நண்பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் நூறு வாட் திறனோடு பேசுகிறார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் "தெளிவாகக் கேட்கிறது" என்று பதில் சொல்கிறார். முன்னூறு கிலோமீட்டரில் இருக்கும் நண்பருக்கோ இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தள்ளிப் போகப் போகக் குரல் தேயும் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அது தலைகீழாக நடக்கிறது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டி ஒரு பகலையே தொலைத்தவர்கள் நிறையப் பேர். கோளாறு எதுவும் இல்லை. குரல் நண்பரின் தலைக்கு மேலே பறந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களுக்குப் பெயர் ஹெச்எஃப். அலைநீளத்தில் சொன்னால் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. பழைய வானொலிப் பெட்டிகளில் சிற்றலை என்று எழுதியிருந்ததும் ஏறத்தாழ இதே பரப்புதான். இன்று நம் கையிலிருக்கும் செல்பேசி இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களில் இயங்குகிறது. அந்த அலைகள் நேர்கோட்டில் போகும். சில கிலோமீட்டரில் ஒரு கோபுரம் அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோபுரத்திலிருந்து கண்ணாடியிழை, அங்கிருந்து இணைப்பகம், கடலடிக் கேபிள், மறுகரையில் இன்னொரு இணைப்பகம், இன்னொரு கோபுரம். ஒரு 'ஹலோ' கடல் தாண்டுவதற்குள் எத்தனை நிறுவனங்களின் வாசலை மிதித்துவிட்டுப் போகிறது!

இரண்டு ஹெச்எஃப் கருவிகளுக்கு நடுவே மனிதர் கட்டியது என்று எதுவும் இல்லை. இருப்பது சூரியன் மின்னூட்டி வைத்திருக்கும் மேல்காற்று மட்டும். கட்டணம் வாங்க ஆளில்லை, அறுந்துபோகக் கம்பியில்லை, வேலை செய்யாத நாளில் புகார் கொடுக்கவும் இடமில்லை. இந்த ரேடியோவின் பலமும் பலவீனமும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. விமானி முதல் பங்குச் சந்தைத் தரகர் வரை இதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் அந்த மேல்காற்றின் போக்குக்குத் தக்கபடிதான் நடந்துகொள்கிறார்கள்.

தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மெலிந்துவிடும். சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்கேயுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அப்படிச் சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் நிறைந்த பரப்புதான் அயனி மண்டலம். அதற்குள் நுழையும் ரேடியோ அலை கண்ணாடியில் பட்ட ஒளிபோலச் சட்டென்று திரும்பிவிடுவதில்லை. எலெக்ட்ரான் அடர்த்தி கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, கடைசியில் தரையைப் பார்க்கத் திரும்புகிறது. எந்த அதிர்வெண் வரை திரும்பும் என்பதை எலெக்ட்ரான் அடர்த்தி தீர்மானிக்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் பத்து லட்சம் எலெக்ட்ரான்கள் இருந்தால், செங்குத்தாக அனுப்பிய அலை சுமார் 9 மெகாஹெர்ட்ஸ் வரை திரும்பி வரும். அதற்கு மேலே போனால் மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

ஆனால் யாரும் செங்குத்தாக மட்டுமே அனுப்புவதில்லை. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் 'தவளை' விட்டவர்களுக்கு மீதி தானாகப் புரியும். நேர் கீழாகப் போட்டால் சில்லு மூழ்கிவிடும். தண்ணீரை உரசுவதுபோலச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகும். நம் குளம் தலைக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. செங்குத்தாகப் போனால் துளைத்துக்கொண்டு போய்விடும் 20 மெகாஹெர்ட்ஸ் அலை, அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் போனால் வளைந்து திரும்புகிறது. சாய்வு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் தாக்குப்பிடிக்கும்.

தொடக்கத்தில் சொன்ன புதிருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. முன்னூறு கிலோமீட்டரில் உள்ள நண்பரை அடைய அலை ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸ் அந்தக் கோணத்தில் பெரும்பாலும் திரும்பாது. தரையை ஒட்டிப் போகும் அலை சில பத்துக் கிலோமீட்டரிலேயே சோர்ந்துவிடும். தரை அலை தீர்ந்த இடத்துக்கும் வான் அலை முதன்முதலாக இறங்கும் இடத்துக்கும் நடுவில் எதுவும் கேட்காத ஒரு வளையம் உருவாகிறது. நண்பர் அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொண்டார். இதற்கு மாற்று மருந்தும் உண்டு: அதிர்வெண்ணைக் குறைத்து, ஆன்டெனாவையும் தாழ்வாகக் கட்டி, அலையை வேண்டுமென்றே நேர் மேலே அனுப்புவது. தண்ணீர்க் குழாயை வானத்தை நோக்கிப் பீய்ச்சினால் சுற்றிலும் மழையாக விழுவதுபோல, அந்த அலை நாலைந்து நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் பரவலாக இறங்கும். மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நாடுகளில் ராணுவமும் மீட்புக் குழுக்களும் விரும்பிச் செய்வது இதைத்தான். மேலிருந்து விழும் அலைக்கு மலை ஒரு தடையே இல்லை.

அயனி மண்டலம் ஒரே தட்டாக இருந்திருந்தால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். அடியில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு டி அடுக்கு என்று பெயர். நம்மைப் பொறுத்தவரை இது வழிப்பறிக்காரன். இங்கே காற்று ஓரளவு அடர்த்தி என்பதால், அலை ஆட்டிவிட்ட எலெக்ட்ரான்கள் பக்கத்து மூலக்கூறுகளில் முட்டி அந்த ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. அதிர்வெண் தாழத்தாழ இந்த இழப்பு வேகமாக ஏறும். அதற்கு மேலே இ அடுக்கு. அதற்கும் மேலே, இருநூறு முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில் எஃப் அடுக்கு. நெடுந்தொலைவுத் தொடர்பின் முதுகெலும்பு இதுதான். எஃப் அடுக்கில் ஒருமுறை பட்டு இறங்கும் அலை அதிகபட்சம் நாலாயிரம் கிலோமீட்டர் தாவும். இறங்கிய இடம் கடலாக இருந்தால் இன்னும் நல்லது. உப்புநீர் அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும். அங்கிருந்து மறுபடி மேலே, மறுபடி கீழே.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கு விரைவிலேயே கரைந்துவிடும். அங்கே காற்று அடர்த்தி, அதனால் பிரிந்த எலெக்ட்ரானும் அயனியும் சீக்கிரமே ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்கின்றன. எஃப் அடுக்கில் காற்று அவ்வளவு மெலிசு. பிரிந்தவை சந்திக்க நேரமாகும். ஆகவே அது இரவு முழுதும் தேய்ந்து தேய்ந்தாவது உயிரோடு இருக்கும். விளைவு: பகலில் தாழ்ந்த அதிர்வெண்களை டி அடுக்கு விழுங்கிவிடுகிறது, உயர்ந்தவை தப்பிப் பிழைக்கின்றன. இரவில் எஃப் அடுக்கு மெலிவதால் உயர்ந்தவை துளைத்துக்கொண்டு போய்விடுகின்றன, டி அடுக்கு இல்லாததால் தாழ்ந்தவற்றுக்கு வழி திறக்கிறது. சூரியன் ஏறினால் அதிர்வெண்ணும் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். இந்தத் துறையில் கைபழகிய ஒருவரின் அறிவில் பாதி இந்த ஒரு வரிதான்.

மீதிப் பாதியில் பருவங்கள், அட்சரேகை, சூரியன் மேலுள்ள கரும்புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுழற்சி எல்லாம் அடங்கும். புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில் சில வாட் திறனே உலகைச் சுற்றிவரும். புள்ளிகள் வற்றிய ஆண்டுகளில் அதே அதிர்வெண் வாரக்கணக்கில் வெறிச்சோடிக் கிடக்கும். ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர்கள், ஓர் அதிர்வெண் பட்டையைப் பற்றி 'பேண்ட் திறந்திருக்கிறது', 'பேண்ட் மூடிவிட்டது' என்று கடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள். விடியலும் அந்தியும் அவர்களுக்குத் தனிப் பொழுதுகள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டின் நெடுகிலும் டி அடுக்கு இல்லாமல், எஃப் அடுக்கு மட்டும் இருக்கும் சில நிமிடங்கள் வாய்க்கும். பூமியின் மறுபக்கத்திலிருந்து குரல்கள் அப்போது வந்து விழும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே ஒருவர் பந்தயம் கட்டினார். 1901 டிசம்பர் 12 அன்று குலியெல்மோ மார்க்கோனி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரின் சிக்னல் குன்றில், பட்டத்தில் கட்டிய கம்பியை ஆன்டெனாவாக வைத்துக் காத்திருந்தார். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள போல்டூவிலிருந்து வந்த மோர்ஸ் 'எஸ்' எழுத்தின் மூன்று புள்ளிகள் காதில் விழுந்ததாக அறிவித்தார். ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும் என்றால் பூமியின் வளைவு குறுக்கே நின்றிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஆர்தர் கென்னெலியும் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும், மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று தனித்தனியே முன்மொழிந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்க்கோனி பயன்படுத்தியது ஹெச்எஃப் இல்லை, அதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்; அவர் கேட்டதாகச் சொன்னதோ பட்டப்பகலில். டி அடுக்கு விழித்திருக்கும் நேரம் அது. உண்மையிலேயே கேட்டாரா, மின்னல் இரைச்சலைத்தான் புள்ளிகளாக எண்ணினாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு தப்பான அவதானிப்பிலிருந்தே சரியான கொள்கை பிறந்திருக்கலாம் என்பது எனக்குப் பிடித்த சாத்தியம்.

அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு உலகம் எதிர்த்திசையில் நடந்தது. தூரம் போக வேண்டுமானால் நீண்ட அலை வேண்டும் என்பதே அன்றைய பொறியாளர்களின் முடிவு. இங்கிலாந்தின் ரக்பியில் 1926 தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய நெட்டலை நிலையத்தின் கம்பங்கள் ஒவ்வொன்றும் 250 மீட்டர் உயரம். சிற்றலைகளை யாரும் சீந்தவில்லை. எவ்வளவு சீந்தவில்லை என்றால், 1912-இல் வந்த அமெரிக்க வானொலிச் சட்டம், பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருந்தவர்களை 200 மீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. உருப்படாத நிலம் என்று நினைத்து ஊருக்கு வெளியே பட்டா போட்டுக் கொடுத்ததுபோல.

அந்த நிலத்தில்தான் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரமடித்துக் காத்திருந்த பால் காட்லி, அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து ஹாம்கள் அனுப்பிய சைகைகளைக் கேட்டார். 1923 நவம்பர் இறுதியில், சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெலும் அட்லாண்டிக்கின் குறுக்கே இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1924 அக்டோபர் 18 அன்று, நியூசிலாந்தின் ஆட்டுப்பண்ணை ஒன்றிலிருந்து ஃபிராங்க் பெல் அனுப்பிய அழைப்புக்கு லண்டனின் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் காய்டர் பதில் கொடுத்தார். உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்ப் புள்ளிகள். அரசாங்கங்கள் மாபெரும் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்த காலத்தில் இதைச் சாதித்தவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.

அதே 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் பிபிசியின் போர்ன்மவுத் ஒலிபரப்பியைக் கொண்டு மேல் அடுக்கு இருப்பதை அளந்து நிறுவினார்கள். ஆப்பிள்டனுக்கு 1947-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மார்க்கோனி நிறுவனமோ கொள்கைக்காகக் காத்திருக்கவில்லை. சிற்றலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் 'பீம்' நிலையங்களைக் கட்டி, 1926 அக்டோபரில் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா. கடலடியில் கம்பி போட்டுப் பல பத்தாண்டுகளாகத் தந்தி வணிகத்தை ஆண்ட கேபிள் நிறுவனங்கள் ஆடிப்போய்விட்டன. செலவில்லாத வானத்தோடு தாமிரம் எப்படிப் போட்டி போடும்? கடைசியில் பிரிட்டிஷ் அரசு தலையிட்டு 1929-இல் கேபிளையும் ரேடியோவையும் ஒரே நிறுவனத்தின்கீழ் கட்டிப்போட்டது. கம்பி பழிதீர்த்துக்கொள்ள 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக்கின் முதல் தொலைபேசிக் கேபிள் திறக்கப்பட்டது. அலை அலையாகத் தேய்ந்தும் ஏறியும் ஒலித்த ரேடியோ அழைப்புக்குப் பழகியிருந்த காதுகளுக்கு, அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோன்ற குரல். அதற்குப் பின் செயற்கைக்கோளும் வந்ததும், ஹெச்எஃப் கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள்.

முடியவில்லை. வட அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக விமானிகள் பேசும் விஹெச்எஃப் ரேடியோ, அதாவது ஹெச்எஃப்புக்கு மேலுள்ள அதிர்வெண்களில் இயங்குவது, பார்வைக் கோட்டில்தான் எட்டும். பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்துகூடச் சுமார் நானூறு கிலோமீட்டரோடு சரி. அதற்கப்பால் நடுக்கடல். அங்கே விமானியின் குரலை வாங்குவது, கிழக்குப் பாதியில் அயர்லாந்தின் பாலிகிரீன் நிலையமும் மேற்குப் பாதியில் கனடாவின் கேண்டர் நிலையமும். பேசுகிறவர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று நாம் நினைப்போம், அப்படியில்லை. அவர் ஒரு ரேடியோ இயக்குநர். விமானி சொல்லும் இடத்தையும் உயரத்தையும் தட்டச்சு செய்து, வேறோர் ஊரில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து வரும் அனுமதியைத் திருப்பி வாசிக்கிறார். நடுவில் ஒரு மனிதக் காது தேவைப்படும் அளவுக்கு இரைச்சல் அதிகம்.

அந்த வழிகளில் புழங்கும் ஓர் அதிர்வெண் தொகுதி 3016, 5598, 8906, 13306 கிலோஹெர்ட்ஸ். எதற்கு நான்கு? எந்த ஒன்றும் இருபத்துநாலு மணி நேரம் தாங்காது என்பதால். சூரியனோடு ஏறி இறங்க ஓர் ஏணி வேண்டும். இவை அதன் படிகள். கப்பல்களின் ஹெச்எஃப் ஆபத்து அழைப்புகளுக்கும் இதேபோல ஐந்து படிகள் ஒதுக்கியிருக்கிறார்கள்: 4207.5-இல் தொடங்கி 6312, 8414.5, 12577 வழியாக 16804.5 கிலோஹெர்ட்ஸ் வரை. மூழ்கும் கப்பல் எந்த நேரத்தில் மூழ்கும் என்று முன்கூட்டியே தெரியாதல்லவா.

ஹெச்எஃப் இரைச்சலை மணிக்கணக்காகக் காதில் மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டுவது கொடுமை. அதற்காகச் செல்கால் என்றோர் ஏற்பாடு. ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கெழுத்துக் குறியீடு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சுருதி. தரையிலிருந்து அந்தச் சுருதிகளை இரண்டிரண்டாக ஒலித்தால், விமானி அறையில் மணி அடிக்கும். கடலுக்குள் நுழைந்ததும் விமானி அதை ஒருமுறை சோதித்துக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். இன்று வழக்கமான தகவல்கள் செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்தியாகவே போகின்றன. ஆனாலும் கருவி விமானத்தில் இருக்கிறது. துருவப் பாதைகளில் அதன் மதிப்பு இன்னும் கூடுதல்: நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலைகொண்ட செயற்கைக்கோள்கள், சுமார் 82 பாகை வடக்கைத் தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

ராணுவங்களும் தூதரகங்களும் இதைக் கைவிடாததற்குக் காரணம் வேறு. செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்தலாம், கேபிளை அறுக்கலாம், இணையத்தை உள்ளிருந்தே முடக்கலாம். அயனி மண்டலத்தை யாராலும் அபகரிக்க முடியாது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், பிபிசி உலக சேவை அந்தப் பகுதிக்குத் தினமும் நாலு மணி நேரம் சிற்றலை ஒலிபரப்பை மறுபடி தொடங்கியது. ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சிற்றலையை மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியோடு நிறுத்தியிருந்தது. அந்த முடிவுகள் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து எடுத்தவை என்பது என் எண்ணம்.

பொதுவழி என்பதால் காது நீட்டுகிறவர்களும் அதிகம். ஹெச்எஃப்பில் பேசினால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று திசை காணலாம், இரைச்சலைக் கொட்டி அமுக்கலாம். சோவியத் ஒன்றியம் பல பத்தாண்டுகள் மேற்குலக ஒலிபரப்புகளை அப்படித்தான் அமுக்கியது. அதே நாடு செர்னோபில் அருகே நிறுவிய அடிவானம் தாண்டிப் பார்க்கும் ராடார், 1976 முதல் 1989 வரை விநாடிக்குப் பத்துமுறை 'டக் டக்' என்று உலகத்துச் சிற்றலையையெல்லாம் கொத்தித் தீர்த்தது. மரங்கொத்தி என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

பேரிடர் என்று வரும்போது இந்த வழியின் அருமை வேறுமாதிரித் தெரியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேர் போயிருந்தது. ஹாம் சைகைகள் அரிதாகவே வரும் இடத்திலிருந்து உலகத்தோடு பேசுவது என்பது அவர்களுடைய பொழுதுபோக்கின் உச்சம், அதற்காகப் போனவர்கள். 26-ஆம் தேதி காலை நிலம் குலுங்கி, கடல் வந்து, மற்ற தொடர்புகள் அற்றன. ஒலிபரப்பியும் ஆன்டெனாவும் பழகிய கைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன. உயிரோடிருப்பவர்களைப் பற்றிய செய்திகள் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் அந்த வழியே போய் வந்தன.

பயனாளிகளின் பட்டியலில் எதிர்பாராத ஓர் ஆள்: பங்குச் சந்தை. கண்ணாடியிழைக்குள் ஒளி, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் போகும். சிற்றலை ஏறக்குறைய ஒளியின் முழு வேகத்தில், கிட்டத்தட்ட நேர்வழியில் போகிறது. கண்டங்களுக்கு நடுவே மில்லி விநாடிகள் மிச்சம். விநாடிக்குள் ஆயிரம் முறை வாங்கி விற்கும் நிறுவனங்கள் சில, சிகாகோ வட்டாரத்தில் பெரிய சிற்றலை ஆன்டெனாக்களை நட்டுச் சோதித்தது இதற்காகத்தான். 1920-களில் கேபிள்காரர்களைக் கலங்கடித்த அதே வானம், நூறு ஆண்டு கழித்து மறுபடி கேபிளை முந்தப் பார்க்கிறது.

சரி, கருவியில் என்ன நடக்கிறது? பழைய முறையான ஏஎம் ஒலிபரப்பு ஊதாரித்தனமானது. குரலை அலையின் மேல் முழு அளவுக்கு ஏற்றினாலும் மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, எந்தச் செய்தியும் சுமக்காத ஊர்தி அலைக்கே போய்விடும். மீதியும் ஊர்தி அலையின் இருபுறமும் உள்ள பக்கப்பட்டைகளில் ஒரே செய்தியின் இரண்டு நகல்களாகப் பிரியும். 1915-இல் ஜான் கார்சன் கண்ட வழி: ஊர்தி அலையையும் ஒரு நகலையும் வெட்டிவிட்டு, ஒற்றைப் பக்கப்பட்டையை மட்டும் அனுப்பு. திறன் முழுதும் குரலுக்கே போகிறது, இடமும் பாதியாகிறது. விலையாகக் கொடுப்பது, கேட்கும் முனையில் துல்லியம். நூறு ஹெர்ட்ஸ் விலகினாலே பேசுகிறவர் மூக்கடைத்த வாத்துபோல ஒலிப்பார்.

ஆன்டெனா விஷயத்தில் இயற்பியல் தயவு காட்டுவதில்லை. அரை அலைநீளக் கம்பி வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைப்பது மீட்டரில் நீளம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர், 14.2-க்குப் பத்து. உயரமாகக் கட்டினால் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பித் தூரம் போகும். புதியவர்கள் திறனை நூறிலிருந்து ஐந்நூறு வாட்டாக ஏற்றக் காசு தேடுவார்கள்; கம்பியை இன்னும் ஐந்து மீட்டர் உயர்த்தினால் பல நேரம் அதைவிடப் பலன் கிடைக்கும். கேட்கும் பக்கத்தில் இன்றைய எதிரி வானமல்ல, வீடுதான். மலிவு எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் சூரிய மின் இன்வெர்ட்டர்களும் கக்கும் இரைச்சலில், ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த மெல்லிய குரல் கடைசி ஐந்து மீட்டரில் செத்துவிடுகிறது.

அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் கலையை இப்போது கருவிகளே கற்றுக்கொண்டுவிட்டன. ராணுவ, மீட்புப் பணி ரேடியோக்கள் தமக்கு ஒதுக்கிய அதிர்வெண்களில் அவ்வப்போது குரல் கொடுத்து, யார் எதில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்று பட்டியல் வைத்துக்கொள்கின்றன; அழைப்பு வரும்போது நல்லதைத் தாமே எடுத்துக்கொள்ளும். ஹாம்கள் வேறு திசையில் போனார்கள். இரட்டைத் துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கோடு சேர்ந்து 2017-இல் எஃப்டி8 என்ற முறையை வெளியிட்டார். பதினைந்து விநாடிக்கு ஒரு சிறு செய்தி. வெறும் 50 ஹெர்ட்ஸ் அகலம். காதுக்கு வெற்று இரைச்சலாகத் தெரிவதிலிருந்தும் கணினி செய்தியைப் பிரித்தெடுத்துவிடும். பதிலுக்கு, அழைப்புக் குறியையும் சைகையின் வலிமையையும் தவிரப் பெரிதாக எதையும் சொல்ல இடமில்லை. இதைப் பேச்சு என்று சொல்லலாமா என்று மூத்த ஹாம்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேண்ட் மூடிவிட்டது என்று அவர்கள் கருவியை அணைத்த நேரத்திலும் அது திறந்துதான் இருந்தது என்பதை நிரூபித்ததும் இதே முறைதான்.

புகார் கொடுக்க இடமில்லை என்று சொன்னேன். 2017 செப்டம்பர் 6 அதற்கு நல்ல சாட்சி. அன்று இர்மா புயல் அதன் உச்ச வேகத்தில் கரீபியன் தீவுகளைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்துச் சூரியனில் எக்ஸ்9.3 வகைப் பெருவெடிப்பு. அந்தச் சூரியப் புள்ளிச் சுழற்சியிலேயே பெரியது. வெடிப்பிலிருந்து புறப்பட்ட எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்து டி அடுக்கைத் தடித்துப்போகச் செய்தன. ஒளியின் வேகத்தில் வருவதற்கு முன்னெச்சரிக்கை எங்கிருந்து கிடைக்கும்? பகல் பக்கத்தில் ஹெச்எஃப் அடங்கிப்போனது. புயல் மீட்புக்காக இயங்கிய ஹாம் வலைகளும் விமானத் தொடர்புகளும் மிகத் தேவையான நேரத்தில் மணிக்கணக்கில் தடுமாறின. அப்போது செய்யக்கூடியது இரண்டுதான்: ஏணியில் மேல்படிக்குப் போவது, அல்லது காத்திருப்பது. எக்ஸ் கதிர் தணிந்ததும் டி அடுக்கு தானே மெலிந்துவிடும். துருவங்களில் நிலைமை இன்னும் பிடிவாதமானது. சூரியனிலிருந்து வரும் புரோட்டான்கள் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்து அங்கே இறங்கி, ஹெச்எஃப்பை நாட்கணக்கில் அடைத்துவிடும். விமான நிறுவனங்கள் அப்போது துருவ வழியை விட்டுவிட்டுத் தெற்கே சுற்றிப் போகின்றன; கூடுதல் எரிபொருளோடு.

மேல்காற்று இன்று எப்படியிருக்கிறது என்று பார்க்க உரிமம் எதுவும் வேண்டாம், சிற்றலை வாங்கி ஒன்று போதும். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து டபிள்யூடபிள்யூவி என்ற நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு விநாடி நேரம் ஒலிக்கிறது. மறுபடியும் ஏணி. ஹவாயிலிருக்கும் அதன் தங்கை நிலையமும் இவற்றில் பலவற்றில் ஒலிக்கும். ஆண் குரல் கேட்டால் கொலராடோ, பெண் குரல் கேட்டால் ஹவாய். எந்தப் படியில் யார் குரல் கேட்கிறது என்பதை வைத்தே எந்தப் பாதை எவ்வளவு உயரம் வரை திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் விடை மாறியிருக்கும்.

பாதை மிக நன்றாக அமையும் நாட்களில் இன்னொன்றும் நடக்கும். 1920-களின் இறுதியில் சிற்றலையை ஆராய்ந்தவர்கள், தாம் பதிவுசெய்த ஒவ்வொரு சைகைக்கும் பின்னால் அதன் மெல்லிய நகல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டார்கள். இடைவெளி ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. கருவிக் கோளாறு என்று முதலில் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால், நாற்பதாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அந்த அலைக்கு ஆகும் நேரம் அதுதான். சைகை பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு முதுகுப் பக்கமாக வந்து சேர்ந்திருக்கிறது.